அரியநேரிக் குளத்து அமலை

செப்டம்பர் 9, திங்கள்

ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம். பொருள்: அரியநேரிக் குளத்தில் ஆகாயத்தாமரைச் செடியை அகற்றுவது. காலையில் வரச்சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தொடங்கினார்கள். வராந்தாவில் காத்திருந்தபோது எங்கள் நீர்வளத்துறைச் செயற்பொறியாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "பூரணவல்லி, யாரு கேட்டாலும் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தண்ணி எங்களுது. செடி எங்களுது இல்ல."

கேட்டார்கள். அதையே சொன்னேன்.

மீன்வளத்துறைக்காரர், நாங்கள் கொடுத்தது மீன் பிடித்துக்கொள்கிற மீன்பாசிக் குத்தகை மட்டும்தான் என்றார். வேளாண்மைத்துறைக்காரர், வயலில் முளைக்கிற களை என்றால் எங்களுடையது, குளத்தில் முளைப்பது எப்படி எங்களுடையதாகும் என்றார். இந்தச் செடியைத் தின்கிற ஒரு வண்டு இருக்கிறதாம், விட்டுவிட்டுச் சில வருடம் பொறுத்தால் பலன் தெரியுமாம். அவர் அதைச் சொன்னபோது மட்டும் எல்லாரும் ஆர்வமாகக் கேட்டார்கள், செலவில்லை என்பதால். பேரூராட்சிச் செயல் அலுவலர் பிரம்மநாயகத்தின் முறை வந்தது. கரைமேல் போகிற சாலை தவிர வேறெதுவும் தன் எல்லைக்குள் இல்லை என்றார். ஊர்ச் சாக்கடை குளத்தில்தானே விழுகிறது, செடிக்கு அதுதானே உரம் என்று யாரோ கேட்டதற்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அனைத்துத் துறைகளும் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும் என்று முடிவு எழுதினார்கள். கயிறும் ஆளும் யார் கொண்டுவருவது என்று எழுதவில்லை.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கடைவாய்ப் பல் வலி. மாவு புளித்துப்போயிருந்தது. அதையே ஊற்றிச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 10

இந்த ஊருக்கு உதவிப் பொறியாளராக வந்து நான்கு வருடம் ஆகிறது. என் பிரிவில் உள்ள குளங்களில் அரியநேரிதான் பெரிது. புதிதாக வருகிறவர்கள் கரையில் நின்று பார்த்தால் புல்வெளி என்றுதான் நினைப்பார்கள். கரையிலிருந்து எதிர்க்கரை வரை ஒரே பச்சை. நடுநடுவே ஊதாப்பூ. கல்யாணம் நிச்சயமானவர்கள் இங்கே வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். போன வருடம் ஒரு கன்றுக்குட்டி தரை என்று நினைத்து இறங்கிவிட்டது. ஊரில் இந்தச் செடிக்கு அமலை என்று பேர்.

காலையிலேயே ஞானப்பூ வந்துவிட்டாள். உள்நாட்டு மீனவர் சங்கத்தின் தலைவி. ஐம்பது வயதிருக்கும். குளத்தில் மீன் பிடிக்கிற குத்தகை அவர்கள் சங்கத்துக்குத்தான். செடி மூடியதிலிருந்து வலை வீச இடமில்லை.

"கூட்டத்துல செடி எங்களுது இல்லன்னு சொன்னியளாமே?"

"யார் சொன்னா?"

"யாரு சொன்னா என்ன. சொன்னியளா இல்லியா?"

"அது துறையோட நிலைப்பாடு."

"அப்ப எங்க வீட்டுலயிருந்தா கொண்டாந்து போட்டோம்?"

அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மதியம் ஆகியும் போகவில்லை. நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வடக்கு மடை பக்கம் ரெண்டே ரெண்டு கொத்துதான் கிடந்ததாம். அன்றைக்கே மனு கொடுத்தார்களாம். "ஒரு ஆளு எறங்கி அள்ளியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும் மேடம்" என்றாள் போகும்போது. மனு எந்த அலுவலகத்துக்குக் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

சென்னையிலிருந்து அவர் கூப்பிட்டார். ஞாயிறுதோறும் கூப்பிடுவார். அவருக்கு வங்கி வேலை அங்கே, எனக்கு இங்கே. கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் முக்கால்வாசி இப்படித்தான்.

"பூரணி, உன் டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துருச்சாமே. உங்க ஆபீஸ்ல தெரிஞ்சவரு சொன்னாரு. சென்னைக்கே."

"அப்படியா? எனக்கு இன்னும் தபால் வரல."

"சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தான். உங்களுக்கு?"

"சந்தோஷம்தான்."

பிறகு அவர், "அவசரப்பட வேண்டாம். அங்க இருக்கிற வேலையை முடிச்சிட்டே வா" என்றார். பெருந்தன்மையான மனுஷன். இப்படி எத்தனை பேர் சொல்வார்கள்.

மதியம் ரசம் வைத்து அப்பளம் பொரித்தேன்.

செப்டம்பர் 18

ஆர்டர் வந்துவிட்டது. பக்கத்துப் பிரிவுக்காரரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றார் செயற்பொறியாளர். மழைக்காலம் வருகிறது, தெற்கு மடை ஷட்டர் இறுகிக் கிடக்கிறது, அதைச் சரிசெய்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

"நாலு வருஷமா டிரான்ஸ்பர் கேட்டு மனு மேல மனு போட்டது நீங்கதானே?" என்றார்.

ஷட்டர் இறுகியிருப்பது உண்மைதான்.

செப்டம்பர் 26

மாநகராட்சியிலிருந்து இயந்திரம் வந்தது. மிதந்துகொண்டே செடியை வெட்டி வாரி முதுகில் போட்டுக்கொள்கிற வண்டி. ஊரே கரையில் நின்றது. வண்டியின் நெற்றியில் சந்தனம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். காலையில் கொஞ்ச தூரம் போனது. அது போன வழியில் தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது. அதைப் பார்த்து ஞானப்பூவின் கணவர் தேவசகாயம் சத்தம் போட்டுச் சிரித்தார். அந்த மனிதர் பேசியே நான் கேட்டதில்லை.

செப்டம்பர் 29

வண்டியின் சங்கிலி அறுந்துவிட்டது. செடி அத்தனை நெருக்கம். பழுது பார்க்க ஆள் வெளியூரிலிருந்து வரவேண்டும். லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். வெட்டியபோது சிதறிய துண்டெல்லாம் திறந்த தண்ணீரில் மிதக்கின்றன. ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும்.

ஞாயிறு. போன் வந்தது. பல் டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன்.

அக்டோபர் 4

இயந்திரம் வாரிப்போட்ட செடி கரையில் அழுகி நாறுகிறது. ஆடுகூட வாய் வைக்கவில்லை. பேரூராட்சி லாரி அனுப்பி அள்ளச் சொல்வதற்காகப் பிரம்மநாயகத்தைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். வரும் மே மாதம் ஓய்வு. டீ வரவழைத்தார்.

"செடிய எடுத்தது நீங்க. கரையில போட்டது நீங்க. கரையும் உங்களுது" என்றார்.

"கரைமேல இருக்கிற ரோடு உங்களுதுன்னு அன்னைக்குச் சொன்னீங்களே?"

"ரோட்டுல கெடந்தா அள்ளுவேன் மேடம். சரிவுலல்ல கெடக்கு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "சாக்கடையத் திருப்பணும், சுத்திகரிக்கணும்னு நானும் எழுதி அனுப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு விளக்கம் கேட்டுத் திரும்பி வருது. எனக்குக் கை ஓய்ஞ்சு போச்சு" என்றார். அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பேத்தி படம் இருந்தது. அமெரிக்காவில் இருக்கிறாளாம்.

லாரி வரவில்லை. அங்கே சிரித்திருக்க வேண்டாம் என்று வரும் வழியில் தோன்றியது.

அக்டோபர் 12

மழை. கரைச் சரிவில் கிடந்த செடியில் பாதி வழுக்கிக்கொண்டு திரும்பக் குளத்துக்கே போய்விட்டது.

அக்டோபர் 20, ஞாயிறு

போன் வரவில்லை. அவருக்கு வேலை இருந்திருக்கும். நானும் கூப்பிடவில்லை.

வீட்டுச் சாமான் கட்டுவதற்காக அட்டைப்பெட்டிகள் வாங்கிவந்திருந்தேன். ஒன்றில் பழைய புடவைகளை அடுக்கினேன். தரை ஓதமாக இருப்பதால் மற்றப் பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்துவிட்டேன். ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டேன். இந்த ஈரத்தில் எப்போது காயுமோ.

அக்டோபர் 22

மறுகாலைப் பார்க்கப் போனேன். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம் அது. மேற்குக் கோடியில் தாழ்வாகக் கட்டிய கல்சுவர். அங்கேதான் சங்கத்துக்காரர்கள் இரும்புக் கம்பி நட்டுக் குறுக்கே வலை கட்டியிருக்கிறார்கள். கட்டாவிட்டால் தண்ணீரோடு மீனும் போய்விடும். விதிப்படி கட்டக்கூடாது. எல்லாக் குளத்திலும் கட்டுகிறார்கள், நாங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறோம். செடி இல்லாத குளத்தில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. இங்கே செடி நகர்ந்து வந்து வலையில் அடைத்தால் தண்ணீர் போக வழியிருக்காது. கரைக்குக் கீழே சேவியர் காலனி. வீடுகளின் கூரை நம் கால்மட்டத்தில் தெரியும்.

"இத அவுத்திருங்க" என்று ஞானப்பூவிடம் சொன்னேன்.

"அவுத்தா எங்களுக்கு என்ன மிஞ்சும்? செடிக்குக் கீழ கெடக்க மீனு மட்டுந்தான் இருக்கு. தையில தண்ணி வத்துனா அத அரிச்சு எடுக்கலாம்னு இருக்கோம்."

"கரைக்கு ஆபத்து வந்தா?"

"செடிய எடுங்க, ஆபத்து வராது."

கடைசியில் ஒரு ஏற்பாடு. மறுகாலுக்கு முன்னால் தினமும் செடியை அவர்களே அள்ளிப் போடுவது. அதற்கான கூலியைத் தலைமையிடத்தில் பேசி வாங்கித் தருகிறேன் என்றேன். ஆட்கள் தெர்மாகோல் தெப்பத்தில் போய்க் கொக்கி போட்டு இழுக்கிறார்கள். எல்லாருக்கும் கையெல்லாம் தடிப்பு. ஞானப்பூ முழங்கை வரை காட்டினாள். சாக்கடைத் தண்ணீர். தேங்காய் எண்ணெய் தடவுங்கள் என்றேன், வேறென்ன சொல்வது.

அக்டோபர் 31, தீபாவளி

போகவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். தத்காலில் பார்த்தாயா என்று அவர் கேட்கவில்லை.

கடையில் முறுக்கும் லட்டும் வாங்கி மறுகாலுக்குக் கொண்டுபோனேன். லீவு நாளிலும் நான்கு பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கல்சுவரில் உட்கார்ந்து தின்றோம். "மெட்ராசுக்குப் போவலியா? சாரு தேட மாட்டாரா?" என்று ஞானப்பூ கேட்டாள். மழை அறிவிப்பு இருக்கிறது, இடத்தைவிட்டு நகரக்கூடாது என்றேன். அவள் லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

நவம்பர் 8

கூலி விஷயமாக இன்னும் பதில் இல்லை. அவர்கள் இழுப்பதை நிறுத்தவில்லை. இழுத்த இடம் மறுநாள் காலையில் மூடிவிடுகிறது.

பல் பிடுங்கிவிட்டேன். ஒரு வழியாக.

நவம்பர் 12

மூன்று நாளாக மழை. மலைப்பக்கம் பலமாகப் பெய்கிறது. குளம் ஏறுகிறது. தண்ணீர் ஏற ஏற இந்தப் பச்சை முழுவதும் ஒரே பாயாக மேலே எழும்புகிறது. கரையோரம் அடி மண்ணில் பிடித்திருந்த வேர்களும் விட்டுவிட்டன. காற்று கிழக்கிலிருந்து.

நவம்பர் 15, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

நேற்று விடிந்தும் விடியாமல் ஞானப்பூவின் போன். "மேடம், மொத்தமா நவுந்து வந்து மறுகால்ல ஒக்காந்துட்டு. சீக்கிரம் வாங்க."

போய்ப் பார்த்தபோது கிழக்குப் பக்கம் முழுக்கத் திறந்த தண்ணீர். அந்தக் குளத்தில் அவ்வளவு தண்ணீரை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. செடி எல்லாம் மேற்கே ஒதுங்கி, வலையில் முட்டி, ஆள் உயரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தது. மறுகாலில் வழிய வேண்டிய தண்ணீர் ஊற்றுப்போலக் கசிந்தது, அவ்வளவுதான். கரை உச்சிக்கும் தண்ணீருக்கும் இடையில் இரண்டு சாண் இருக்கும். காலனிப் பக்கம் கரையின் அடியில் சேறாக நீர் ஒழுகியது. தாசில்தார் வந்து காலனி ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு கிழவர் கட்டிலைத் தலைகீழாகத் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

நீளக் கை வைத்த ஜேசிபி கரையில் பாதி தூரம் வந்து சேற்றில் புதைந்துவிட்டது. செயற்பொறியாளரைப் போனில் பிடித்தேன். பெரிய அணைப்பக்கம் இருந்தார், வர மதியமாகும். "கரையை வெட்டி விட்டா என்ன?" என்றார். வெட்டினால் முதலில் போவது காலனிதான். வலையை அறுப்பது ஒன்றுதான் வழி என்றேன். "அப்ப அறுக்கச் சொல்லுங்க. சட்டவிரோதமா கட்டினதுதானே" என்றார்.

ஞானப்பூ கல்சுவரின் ஓரத்தில் நின்றிருந்தாள். பின்னால் சங்கத்துக்காரர்கள். கையில் அரிவாள் இருந்தது. நான் சொல்வதற்கு முன்பே எதற்கு வருகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அறுக்கச் சொல்லுதியளா?"

"ஆமா."

"மீனு அம்புட்டும் போயிரும்."

"தெரியும்."

தாசில்தார் குறுக்கே வந்தார். "இங்க பாரும்மா, அனுமதி இல்லாம வலை கட்டினதுக்கே கேஸ் போடலாம். பேசிக்கிட்டு நிக்காத."

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "மூணு வருசமா மனு குடுக்கோம் மேடம். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நாளைக்கு எங்க வலையாலதான் குளம் அடச்சுதுன்னு எழுதிப்புடுவாக. அறுக்கோம். பிள்ளையளுவ இருக்க ஊரு, அறுக்காம என்ன செய்ய. ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. இந்தச் செடி யாரோடது?"

போன் என் கையில்தான் இருந்தது. செயற்பொறியாளர் லைனிலேயே இருந்தார். யாரோ செல்போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்களோடது" என்றேன்.

"கேக்கல."

"எங்க துறையோடது. குளத்துல எது மொளச்சாலும் எங்களோடது. ரெண்டு கொத்து கெடந்தப்பவே நாங்க எடுத்திருக்கணும். எடுக்கல."

போனைப் பார்த்தேன், லைன் துண்டாகியிருந்தது.

ஞானப்பூ தலையை ஒருதரம் அசைத்துவிட்டு அரிவாளைத் தேவசகாயத்திடம் கொடுத்தாள். அவர் இடுப்பில் வடம் கட்டினார்கள். மறுமுனையைக் கரையில் இருந்த புளியமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி ஆண்களும் பெண்களுமாகப் பிடித்துக்கொண்டோம். நானும் பிடித்தேன். அவர் சுவர்மேல் குனிந்து குனிந்து போய் ஒவ்வொரு கம்பியிலிருந்தும் வலையை அறுத்தார். நடுக்கம்பியில் அறுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. செடி அப்படியே நின்றது. அறுத்தும் பிரயோஜனமில்லையோ என்று நினைத்தேன். அப்புறம் அடியிலிருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம். வீடு அளவுக்கு ஒரு துண்டு பிய்ந்து சுவரைத் தாண்டிப் போனது. போகும்போது வலையின் அறுந்த நுனி தேவசகாயத்தின் கையைச் சுற்றிக்கொண்டது. அவரை அது இழுத்தது, நாங்கள் இந்தப் பக்கம் இழுத்தோம். அவர் கத்தியது இன்னும் காதில் கேட்கிறது. வலை விட்டுவிட்டது. தூக்கி வந்து போட்டபோது வலது தோள் இறங்கியிருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் கேட்டது, "தண்ணி எறங்குதா?"

இறங்கியது. மதியத்துக்குள் கரையில் ஈரக்கோடு தெரிந்தது. காலனியில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான், வீடு எதுவும் விழவில்லை.

செடிக்கு நடுவே மீன்கள் வெள்ளையாகத் துள்ளித் துள்ளிப் போயின. கெண்டை, கட்லா, கை நீளத்துக்கு. மறுகால் ஓடைக்கரையில் நின்ற ஆட்கள் வேட்டியை விரித்துப் பிடித்தார்கள். சங்கத்துக்காரர் ஒருவரும் இறங்கவில்லை. ஞானப்பூ தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எழுந்து போகச் சொல்லவில்லை.

நவம்பர் 16

நான் பேசிய வீடியோ எல்லார் செல்போனிலும் ஓடுகிறது. மெமோ வந்துவிட்டது. துறையின் நிலைப்பாட்டுக்கு மாறாகப் பொதுவெளியில் கருத்துத் தெரிவித்தது ஏன் என்று ஒரு வாரத்துக்குள் விளக்கம் தர வேண்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

அவர் கூப்பிட்டார். "வீடியோ பார்த்தேன் பூரணி. நல்லா பேசின" என்றார். அப்புறம், "உன்னை அப்படிப் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை. எப்போ கிளம்புகிறாய் என்று அவரும் கேட்கவில்லை.

நவம்பர் 19

எங்கள் மறுகால் ஓடை போய் விழுகிற இலந்தைக்குளம் பக்கத்துப் பிரிவில் இருக்கிறது. அங்கே உதவிப் பொறியாளர் முத்துக்குமாரசாமி, சின்ன வயசு. காலையில் போன் செய்தான். "மேடம், உங்க செடி எங்க குளத்துக்கு வந்துட்டுது. முன்னறிவிப்பு இல்லாம விட்டீங்கன்னு மேல எழுதச் சொல்றாங்க. என்ன எழுத?"

"எழுதுங்க. எவ்வளவு வந்திருக்கு?"

"ஓடை வந்து விழுற எடத்துல கொஞ்சம். மத்தது மறுகால் தாண்டி ஆத்துக்குப் போயிருச்சு."

ஆற்றுக்குப் போனதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

ஸ்கூட்டரை எடுத்தேன். பிறகு வழியில் திருப்பி ஞானப்பூ வீட்டுக்குப் போனேன். தோளில் கட்டோடு தேவசகாயம் கட்டிலில் இருந்தார். "இலந்தைக்குளத்துக்குக் கொஞ்சம் போயிருக்கு. இன்னைக்கே அள்ளினா முடிஞ்சிரும். என் எல்லை இல்லை. கூலி தர எனக்கு அதிகாரமும் இல்லை" என்றேன். ஞானப்பூ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். ஷேர் ஆட்டோவில் இன்னும் நான்கு பேர் வந்தார்கள். முத்துக்குமாரசாமி பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினான். அந்த ஊர்க்காரர்களும் என்னவோ ஏதோ என்று வந்து கைகொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. தண்ணீரை விட்டுத் தள்ளி மேட்டில் குவித்துக் காயப்போட்டோம்.

என் முழங்கையிலும் தடிப்பு வந்திருக்கிறது.

நவம்பர் 22

மெமோவுக்குப் பதில் எழுதினேன். அப்படிச் சொன்னேன், சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன் என்று முதல் வரி. பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எழுதினேன். வருடம் முழுக்க ஆள் வைத்து அள்ளுவது. மேலே இருந்து தண்ணீர் வருகிற வாய்க்கால்களில் கண்காணிப்பு. சாக்கடை. சங்கத்துக்கு இழப்பீடு. ஆற்றுக்குப் போன செடியைத் தேடிப் பார்ப்பது.

செயற்பொறியாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை மேல அனுப்பினா உங்க டிரான்ஸ்பர் நின்னுரும்மா. சார்ஜ் மெமோவும் வரலாம். சாரின்னு ரெண்டு வரி எழுதிட்டு சென்னைக்குப் போயிருங்க. நான் பார்த்துக்கிறேன்."

"அனுப்புங்க சார்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஷட்டர் வேலை இன்னும் பாக்கி இருக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். முன்னனுப்பப்படுகிறது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன் கருத்து என்று ஒரு வரியும் சேர்க்கவில்லை. ஆனால் என் பதிலில் ஒரு வரியும் அடிக்கவில்லை.

டிசம்பர் 4

ஆணை வந்திருக்கிறது. அரியநேரிக் குளத்தின் செடிகளை அகற்றும் பொறுப்பு, மறு உத்தரவு வரும் வரை, எங்கள் துறையைச் சேர்ந்ததாம். என் மாறுதல் நிர்வாக நலன் கருதி நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. இது தண்டனையா இல்லையா என்று செயற்பொறியாளருக்கே தெரியவில்லை. சங்கத்துக்கு மீன்குஞ்சு தருவதாக மீன்வளத்துறை சொல்லியிருக்கிறது. ஞானப்பூவிடம் சொன்னேன். "வந்த பெறவு சொல்லுங்க" என்றாள்.

அவருக்குப் போன் செய்து மாறுதல் நின்றுபோனதைச் சொன்னேன். "சரி. ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றார்.

டிசம்பர் 8, ஞாயிறு

காலை ரயிலில் வந்தார். இளைத்திருக்கிறார். முன்பக்கம் நரை அதிகமாகிவிட்டது. இட்லி சாப்பிட்டார். ஜன்னல் திரை நன்றாக இருக்கிறது என்றார். குளத்தைப் பார்க்க வேண்டும் என்றதால் கூட்டிப்போனேன்.

குளத்தில் பாதிக்குமேல் தண்ணீர் தெரிகிறது. மீதியில் அமலை இருக்கிறது. வடக்கு ஓரமாகக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள், இப்போது கூலிக்கு. கரையில் நடந்தோம். வெயில் சுள்ளென்று இல்லை.

"வீட்டு ஓனர் கேட்டாரு, ஒரு ஆளுக்குப் போதுமான சின்ன போர்ஷன் காலியாகுது, எடுத்துக்கிறீங்களான்னு" என்றார். "எடுத்துக்கிட்டேன்."

"நல்லதுதான். எப்போ?"

"ஆகஸ்ட்ல."

நான் நின்றுவிட்டேன். அவரும் நின்றார். ஆகஸ்ட் என்றால் ஆர்டர் வருவதற்கு முன்னால்.

"உனக்கு ஆர்டர் வந்திருச்சுன்னு சொல்லக் கூப்பிட்டேனே, அன்னைக்கு அந்த ரூம்ல இருந்துதான் பேசினேன்" என்றார். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் சொன்னே. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அப்படி இருந்ததுதான் கஷ்டமா இருந்துச்சு."

"எனக்கும்தான்" என்றேன். எழுதும்போதுதான் தெரிகிறது, இந்த மூன்று மாதத்தில் நான் சொன்ன உண்மைகளில் இது ஒன்று.

யாரும் அழவில்லை. சண்டை போட எங்களுக்குள் ஒன்றும் மிச்சமில்லை. மறுகால் சுவரில் உட்கார்ந்தோம். என் கையைப் பிடித்துத் தடிப்பைப் பார்த்தார். மருந்து போடு என்றார். பிறகு குளத்தைக் கைகாட்டிக் கேட்டார்.

"இதெல்லாம் எடுத்துட்டா திரும்ப வராதா?"

"வரும். விதை சேத்துக்குள்ள வருஷக்கணக்கா கெடக்கும்."

"அப்போ?"

"வர வர எடுக்கணும்."

"யாரு எடுப்பா?"

"நாங்கதான்" என்றேன்.

அவர் தலையசைத்தார். சாயங்கால ரயிலுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். வண்டி நகரும்வரை நிற்க வேண்டாம், இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போ என்றார். வண்டி நகரும்வரை நின்றேன்.

நாளை வடக்கு மடையில் ஆள் கூடுதலாக வேண்டும். ஞானப்பூவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். எட்டு மணிக்கு வருகிறேன் என்றாள். குழம்புக்கு உப்பு போட மறந்துவிட்டேன், அப்படியே சாப்பிட்டேன்.